நீலத்தின் ஆயுள்

(பென்னலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பேச்சைத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இந்த மேசைமேல் உள்ள கறுப்புப் பெட்டிக்குள் தீப்பெட்டி அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. அதன் நடுவில் 2 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு புள்ளி. இதோ, மின்சாரம் கொடுக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு வானீல நிறம் தெரியும். பின்வரிசையில் இருப்பவர்களுக்காகப் புள்ளிக்கு எதிரே ஓர் ஒளியுணரியை வைத்து, அதன் அளவைச் சுவரில் காட்டச் செய்திருக்கிறோம். இப்போதைய வெளிச்சத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். நான் பேசி முடிக்கும்வரை அது எரிந்துகொண்டிருக்கட்டும்.

போன சித்திரையில் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு வேனில் வந்தேன். ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன். ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செல்போனை மாட்டி மேப் போட்டிருந்தார். கண்ணாடி வழியே வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் டிஸ்ப்ளே பற்றிப் பாடம் நடத்துகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்தியதும் போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். முழு வெள்ளையாக ஒரு படத்தைத் திறந்து வைத்திருந்தார். திரையின் கீழ்ப்பகுதியில், மேப் போட்டால் ஊர் சேரும் நேரமும் தூரமும் காட்டும் அந்தப் பட்டை அப்படியே பழுத்த இலைபோல மஞ்சளாகப் படிந்திருந்தது. பட்டையின் மூலை வளைவுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. “ரெண்டு வருஷமா இதை வெச்சுத்தான் சார் ஓட்றேன். கறை விழுந்தது சரி. ஏன் சார் மஞ்சளா விழுது?” என்றார்.

“நல்ல கேள்வி தம்பி” என்று சொல்லி, வேனில் இருந்த பத்து நிமிடத்தில் எனக்கு முடிந்ததைச் சொன்னேன். மீதிப் பதில்தான் இன்றைய உரை.

திரையில் வெள்ளை என்று தனியாக எதுவும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. அந்தப் பட்டை வெள்ளை நிறம். அதனால் அங்கே மூன்றும் மற்ற இடங்களைவிட அதிக நேரம், அதிக மின்னோட்டத்தில் எரிந்திருக்கின்றன. மூன்றில் முதலில் களைத்தது நீலம். நீலம் இறங்கினால் சிவப்பும் பச்சையும் மிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் மஞ்சள். அந்த வேனில் நான் பார்த்த கறை நீலத்தின் இழப்பு. பக்கத்துப் பகுதியைவிட நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு வெளிச்சம் குறைந்தாலே நம் கண் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் டிஸ்ப்ளே துறையில் பாதி ஒளி குறையும் காலத்தை மட்டும் ஆயுள் என்று சொல்லி நிறுத்துவதில்லை. 100 என்பது 95 ஆகும் காலத்தை ‘எல்டி95’ என்று குறித்து, அதைத்தான் கவலையோடு அளக்கிறார்கள்.

இந்தத் திரையின் பெயர் ஓஎல்இடி. கரிம ஒளியுமிழ் டையோடு. கார்பனை அடிப்படையாகக் கொண்ட, சாயம்போன்ற மூலக்கூறுகளை மிக மெல்லிய படலங்களாகப் படியவைத்து மின்சாரம் பாய்ச்சினால் அவையே ஒளிரும். பின்னாலிருந்து விளக்கு அடிக்கத் தேவையில்லை. 1963இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப்பும் கூட்டாளிகளும் ஆந்த்ரசீன் படிகத்தை ஒளிரவைத்தபோது 400 வோல்ட் தேவைப்பட்டது. வீட்டுக்கு உதவாத விளக்கு அது. திருப்பம் 1987இல் வந்தது. கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இரண்டு படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். ஒன்று, எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களான நேர்மின் துளைகளைக் கொண்டுவரும். மற்றது எலக்ட்ரான்களைக் கொண்டுவரும். இரண்டும் எல்லையில் சந்தித்துப் பச்சையாக ஒளிர்ந்தன. மொத்தக் கனம் சுமார் 135 நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் சில நூறில் ஒரு பங்கு. 10 வோல்ட்டுக்குள் நல்ல வெளிச்சம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டாங் இதேபோல இரண்டு படலம் வைத்துச் சூரிய மின்கலம் செய்து வெளியிட்டிருந்தார். ஒளியை மின்சாரமாக்கிய கை, அதே அமைப்பைத் திருப்பிப் போட்டு மின்சாரத்தை ஒளியாக்கியது. மாணவர்கள் அந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். ஒரு மனிதர் யோசிக்கும் விதம் அதில் தெரியும்.

அந்த முதல் விளக்கு நூறு எலக்ட்ரான் உள்ளே போனால் ஒரே ஒரு ஒளித்துகளைத்தான் வெளியே அனுப்பியது. சுமார் 100 மணி நேரத்தில் பாதி மங்கியும் போனது. திறனும் போதவில்லை, ஆயுளும் போதவில்லை. பாடப்புத்தகங்கள் இவை இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகத்தான் வைக்கின்றன. இத்தனை ஆண்டு ஆய்வகத்தில் இருந்த பிறகு எனக்கு அவை ஒரே கணக்காகத்தான் தெரிகின்றன. உள்ளே கொடுத்த ஆற்றலில் ஒளியாக வெளியேறாமல் தங்கிப்போனதுதான் மூலக்கூறை உடைக்கிறது. எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள் இந்தத் துறையின் நாற்பது ஆண்டு உழைப்பு முழுவதையும் வைத்துவிடலாம்.

எலக்ட்ரானும் துளையும் ஒரு மூலக்கூறில் சந்திக்கும்போது கிளர்ச்சி நிலை ஒன்று பிறக்கிறது. எக்ஸிட்டான் என்று பெயர். அது தன் ஆற்றலை ஒளியாக உதறிவிட்டு அடங்க வேண்டும். ஆனால் குவாண்டம் விதி அதற்கு ஒரு தடை போடுகிறது. எலக்ட்ரான்களின் சுழற்சி சேரும் விதத்தைப் பொறுத்து நான்கில் ஒன்று ஒற்றை நிலையாகவும், மூன்று மும்மை நிலையாகவும் பிறக்கும். ஒற்றை நிலை சில நானோ நொடிகளில் ஒளியைத் தந்துவிடும். சாதாரண கரிம மூலக்கூறில் மும்மை நிலைக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. அது நெடுநேரம் உள்ளேயே அலைந்து, கடைசியில் வெப்பமாகப் போகும். நான்கு ரூபாய் கூலியில் மூன்று ரூபாய் கைக்கு வராமல் போவதுபோல.

1998இல் மார்க் பால்டோ, ஸ்டீபன் ஃபாரெஸ்ட், மார்க் தாம்சன் குழுவினர் மூலக்கூறின் நடுவில் பிளாட்டினம்போன்ற கன உலோகத்தை வைத்தால் அந்த வாசல் திறக்கும் என்று காட்டினார்கள். பின்னால் இரிடியம் வந்தது. பச்சையிலும் சிவப்பிலும் உள்ளே பிறக்கும் எக்ஸிட்டான்களில் ஏறக்குறைய எல்லாமே ஒளியாகின. இன்று உங்கள் போனில் சிவப்பும் பச்சையும் எரிவது இந்த வழியில்தான். 2012இல் கியூஷு பல்கலைக்கழகத்தின் சிஹாயா அடாச்சி, அரிய உலோகம் எதுவும் இல்லாமல், அறை வெப்பத்தின் உந்துதலிலேயே மும்மை நிலையை ஒற்றை நிலைக்கு ஏற்றும் மூலக்கூறுகளைச் செய்தார். அது வேதியியலின் அழகு. அதைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு நாள் பேசலாம். இன்று நீலத்துக்கு வருகிறேன்.

நீலத்தின் துயரம் எளிய எண்களில் இருக்கிறது. சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். பச்சைக்கு 2.3. ஆழ்ந்த நீலத்துக்கு 2.7. இந்த மூலக்கூறுகளைக் கட்டியிருக்கும் கார்பன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் போதும். அதாவது நீலத்தைத் தரும் மூலக்கூறு ஒவ்வொரு முறை கிளரும்போதும் தன்னைத்தானே உடைக்கும் ஆற்றலுக்கு மிக அருகில் போய் வருகிறது. இனிமேல்தான் ஆபத்து. வெளியேறத் தாமதிக்கும் ஒரு மும்மை நிலை, அருகில் இன்னொரு மும்மை நிலையையோ, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மின்னேற்றத்தையோ சந்தித்தால், தன் ஆற்றல் முழுவதையும் அதன் தலையில் இறக்கிவிடும். 2.7ம் 2.7ம் சேர்ந்து 5.4. எந்தப் பிணைப்பும் தாங்காது. உடைந்த துண்டு அங்கேயே கிடந்து அடுத்து வரும் எக்ஸிட்டான்களையும் விழுங்கும். ஒரு மூலக்கூறு செத்தால் பக்கத்தில் உள்ளவற்றின் வெளிச்சமும் குறைகிறது.

இரிடியம் மூலக்கூறில் மும்மை நிலை ஒன்றிரண்டு மைக்ரோ நொடி தங்குகிறது. நமக்கு அது கண் இமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குதான். ஒற்றை நிலையின் நானோ நொடிகளோடு ஒப்பிட்டால் அது நூறு, ஆயிரம் மடங்கு நீண்ட காத்திருப்பு. பச்சைக்கும் சிவப்புக்கும் ஆற்றல் குறைவு என்பதால் அந்தக் காத்திருப்பைத் தாங்குகின்றன. நீலம் தாங்குவதில்லை. அதனால் கடைகளில் விற்கும் போன்களில் நீலத்துக்கு மட்டும் இன்னும் பழைய, ஒற்றை நிலை வழியையே வைத்திருக்கிறார்கள். மும்மை நிலைகள் இரண்டு மோதி ஒன்று ஒளியாகும் தந்திரத்தால் கொஞ்சம் மீட்கிறார்கள். மீதி வெப்பம். திறன் குறைவு என்பதால் வேண்டிய வெளிச்சத்துக்கு நீலத்தில் மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஆயுள் குறையும். நீலப் புள்ளியை மற்ற இரண்டைவிடப் பெரிதாக வரைந்து அழுத்தத்தைப் பரப்புகிறார்கள். அந்த வேன் ஓட்டுநரின் போனில் இத்தனைக்கும் மேல் சித்திரை வெயில் வேறு சேர்ந்துகொண்டது. வெப்பம் கூடக்கூட இந்த உடைவுகள் எல்லாமே வேகமெடுக்கும்.

ஒளி பிறந்தும் வெளியே வராத கதை ஒன்று இருக்கிறது. கிணற்றில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். மூழ்கிக் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தால் தலைக்குமேல் வட்டமாக ஒரு வானம் தெரியும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோலக் கிணற்றின் உட்சுவரையே காட்டும். சாய்ந்து போகும் ஒளி மேற்பரப்பைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடுவதால் இப்படி. ஓஎல்இடிக்குள்ளும் இதேதான். கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் 1.7க்கு மேல், கண்ணாடிக்கு 1.5, காற்றுக்கு 1. எதுவும் செய்யாமல் விட்டால் பிறக்கும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். மற்றது கண்ணாடிக்குள்ளும் படலத்துக்குள்ளும் பக்கவாட்டில் ஓடித் தேயும், அல்லது உலோக முனையின் பரப்பில் அலையாக ஒட்டிக்கொண்டு அழியும். கண்ணாடியின் மேல் நுண்ணிய வில்லைகளைப் பதிப்பது, ஒளியைச் சிதறடிக்கும் அடுக்கு சேர்ப்பது என்று பல வழிகளில் அதை மீட்கிறார்கள்.

இதில் 2020இல் யுனிவர்சல் டிஸ்ப்ளே நிறுவனத்தார் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. உலோகப் பரப்பு ஒளியைப் பறிக்கிறது என்பதால் எல்லோரும் ஒளிரும் அடுக்கை உலோகத்திலிருந்து தள்ளி வைப்பார்கள். அவர்கள் வேண்டுமென்றே அருகில் கொண்டுபோனார்கள். உலோகம் எக்ஸிட்டானின் ஆற்றலை வெகு வேகமாக இழுத்துக்கொண்டது. மூலக்கூறு உடையும் வாய்ப்பு குறைந்தது. இழுத்த ஆற்றலை, மேலே தூவிய வெள்ளி நானோ கனசதுரங்கள் மறுபடி ஒளியாக்கி வெளியே விட்டன. வெளிச்சம் குறையாமலே ஆயுள் இரு மடங்கானது. தங்கும் நேரத்தைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். 2014இல் ஃபாரெஸ்ட் குழு, ஒளிரும் மூலக்கூறை அடுக்கு முழுவதும் ஒரே அளவில் கலக்காமல் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் ஐதாகவும் கலந்தது. எக்ஸிட்டான்கள் ஓரிடத்தில் குவியாமல் பரவின, மோதல் குறைந்தது, நீலத்தின் ஆயுள் பத்து மடங்கானது. யமகாட்டா பல்கலைக்கழகத்தின் ஜுன்ஜி கிடோ வளர்த்தெடுத்த இரட்டை அடுக்கு முறை இன்னொன்று. இரண்டு விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொன்றும் பாதி வெளிச்சம் தந்தால் போதும். வெளிச்சத்தைப் பாதியாக்கினால் ஆயுள் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, மூன்று நான்கு மடங்கு வரை போகும். 2024இல் வந்த ஐபேட் புரோவின் திரை இப்படிப்பட்டது. 2025 மே மாதத்தில் எல்ஜி டிஸ்ப்ளே இந்த இரண்டு அடுக்கில் ஒன்றில் மட்டும் மும்மை நிலை நீலத்தை வைத்து, மின்செலவை 15 சதவீதம் குறைத்ததாக அறிவித்தது. ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது. இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்குப் பிறகும் நீலத்தின் மேல் எவ்வளவு எச்சரிக்கை பாருங்கள்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் தவறு. ஓஎல்இடியின் எதிர்முனை உலோகம் ஈரம் பட்டால் ஆக்சைடாகி உரியும். அந்த இடத்தில் மின்சாரம் பாயாது. நுண்ணோக்கியில் கரும்புள்ளி தெரியும். நாளாக ஆக வளரும். இதைத் தடுக்கும் உறை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்கு மேல் விடக்கூடாது என்பது இத்துறையின் அளவுகோல். 247 ஏக்கர் நிலத்தை அந்த உறையால் போர்த்தினால், ஒரு நாள் முழுக்க அதன் வழியே உள்ளே போகலாம் என்று அனுமதிக்கும் நீர் ஒரே ஒரு கிராம். ஐப்பசி மழையில் உப்பு டப்பாவைக்கூட நாம் காய வைத்திருக்க முடியாத ஊர் இது.

தூய்மையும் அப்படித்தான். ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் ஒரே பெயர் எழுதிய இரண்டு சீசாக்களிலிருந்து சாதனம் செய்தோம். ஒன்று ஆறு மணி நேரம் தாங்கியது, மற்றது ஒரு மணி நேரத்தில் படுத்துவிட்டது. இரண்டுக்கும் நிறமாலை ஒன்றே, உருகுநிலையும் ஒன்றே. மூன்று வாரம் அல்லாடிய பிறகுதான் தெரிந்தது, இரண்டாவது சீசாவில் தயாரிப்பின்போது தங்கிய குளோரின் மிகச் சிறிய அளவில் இருந்தது. வெற்றிடக் குழாயில் பொடியைச் சூடாக்கி ஆவியாக்கி, குழாயின் குளிர்ந்த பகுதியில் மறுபடி படியவைப்போம். முதலில் தவிட்டு நிறத்தில் ஒரு வளையம், அடுத்து மங்கிய மஞ்சள், அதற்கடுத்து நமக்கு வேண்டிய பொருள் உறைபனிபோல வெள்ளையாக. அந்த வெள்ளை வளையத்தை மட்டும் சுரண்டி எடுத்து, இதையே மூன்று முறை செய்தோம். அந்த மூன்றாம் முறைக்குப் பிறகு ஆறு மணி நேரத்தையும் தாண்டியது. மூலக்கூறை வடிவமைத்தவருக்குக் கட்டுரையில் பெயர் வரும். குழாய்முன் இரவெல்லாம் உட்கார்ந்து சுத்தம் செய்த மாணவிக்கு அந்த ஆயுளில் பாதிப் பங்கு உண்டு என்று நான் எங்கும் சொல்வேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2006இல் நோக்கியா ஆலை திறந்தபோது இந்தச் சாலை எப்படி மாறியது என்று இங்கே உள்ள பெற்றோர் பலர் கண்ணால் பார்த்தவர்கள். 2014இல் அது மூடியபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்தவர்கள். இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனமான யுஜான், காஞ்சிபுரம் மாவட்டத்தில் 13,180 கோடி ரூபாயில் ஆலை அமைக்க 2024 அக்டோபரில் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் கார்னிங் கூட்டு நிறுவனத்தின் திரைக்கண்ணாடி ஆலை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு. இத்தனை இருந்தும், ஒளிரும் ஓஎல்இடி பேனலை (அமோலெட் என்பார்கள்) அடியிலிருந்து செய்யும் ஆலை இந்தியாவில் இதுவரை இல்லை. பேனல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இங்கே இணைத்து, ஒட்டி, சோதித்து அனுப்புகிறோம். நம் பெண்கள் திரையில் சீரற்ற வெளிச்சம் தெரிந்தால் ‘முரா’ என்று ஒதுக்குகிறார்கள். அந்த ஜப்பானியச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லையே என்பது என் ஆற்றாமை.

அறிவு இங்கே இல்லாமல் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக வேதியியல் துறையில், சிதம்பரத்தில், ஃபினாந்த்ரோ இமிடசோல் என்ற கட்டமைப்பைக் கொண்டு நீல ஒளி மூலக்கூறுகளைப் பல ஆண்டுகளாகச் செய்து உலக இதழ்களில் வெளியிட்டு வருகிறார்கள். சென்னை ஐஐடியில் மத்திய மின்னணு அமைச்சகத்தின் ஆதரவோடு அமோலெட் ஆய்வு மையம் இருக்கிறது. கான்பூர் ஐஐடியில் சாம்டெல் பெயரிலான டிஸ்ப்ளே மையம் இந்தத் தலைமுறைக்கு முன்பே தொடங்கியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓஎல்இடி மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அதன் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியத்தை வைத்தால் பிணைப்பு சற்று உறுதியாகி ஆயுள் கூடுகிறது. எல்ஜி நிறுவனம் தன் டிவி பேனல்களில் இதைப் பயன்படுத்துகிறது. டியூட்டீரியம் கனநீரிலிருந்து வருகிறது. கனநீர் ஆலையை நாம் தூத்துக்குடியிலேயே கட்டியிருக்கிறோம். இந்தியாவின் கனநீர் தென்கொரியாவுக்கு ஏற்றுமதியாகியும் இருக்கிறது. அணு உலைக்காகக் கற்ற அந்தக் கைவேலையையும் சிதம்பரத்து மூலக்கூறையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாராவது முன்வர வேண்டும். இந்த அவையில் உள்ள வேதியியல் மாணவர்களிடம் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

பேனல் ஆலைக்குப் பல்லாயிரம் கோடி வேண்டும். ஆயுளை அளக்க அவ்வளவு வேண்டாம். ஒரு வெப்ப அடுப்பு, சீரான மின்னோட்டம் தரும் கருவி, ஒளியுணரி, கணினி. உடைந்த போன்களின் திரைகள் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் குவிந்து கிடக்கின்றன. நம் வெயிலில், நம் ஈரக்காற்றில், நம் ஊர் வேனில் மாட்டிய திரை எப்படி மூப்படைகிறது என்ற பட்டியலைக் கொரியாவில் உட்கார்ந்து யாரும் எழுதப்போவதில்லை. அந்த ஓட்டுநரிடம் அவர் பழைய போனைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்த வளாகத்து மாணவர்கள் நான்கு பேர் அடுத்த வாரம் அந்த மஞ்சள் பட்டையைப் புள்ளி புள்ளியாக அளக்கத் தொடங்குகிறார்கள்.

சுவரைப் பாருங்கள். பெட்டிக்குள் எரிவது ஃபிர்பிக் என்ற இரிடியம் மூலக்கூறு, 2001இல் வெளிவந்தது. திறனில் அன்றைக்கு எல்லோரையும் வியக்கவைத்தது. ஆனால் இரிடியத்தைப் பிடித்திருக்கும் கைகளில் ஒன்று, பிக்கோலினேட் என்ற பகுதி, ஓடும்போதே கழன்றுவிடும். சீக்கிரம் தெரியட்டும் என்று மின்னோட்டத்தையும் சற்றுக் கூட்டி வைத்திருந்தேன். முதல் பத்து நிமிடத்தில் எண் வேகமாக இறங்கியதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அதன்பின் மெதுவாக இறங்கியது. இந்த வளைவு இப்படித்தான் இருக்கும். 100இல் தொடங்கினோம். இப்போது 88. நான் இந்த வாக்கியத்தைச் சொல்வதற்குள் 87.